எடை போட்டு ஏற்றும் ஊர்

மீரி விமான நிலையத்தில் பாரியோவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சடங்கு உண்டு. பெட்டியைத் தராசில் வைத்தால் போதாது, ஆளும் ஏறி நிற்க வேண்டும். தோள்பையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். அதோடு சேர்த்தே எடை. வெளியூர்க்காரர்கள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்போடு ஏறி இறங்குவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நகரத்தில் மகள் கட்டிக்கொடுத்த சாமான் 10 கிலோவுக்குள் அடங்குமா என்பதுதான் அவர்கள் கவலை.

விமானம் அப்படி. 19 பேர் உட்காரக்கூடிய ட்வின் ஆட்டர், நம் ஊர் மினி பஸ்ஸுக்கு இறக்கை வைத்த மாதிரி இருக்கும். குட்டையான ஓடுபாதையிலும் இறங்கும், ஏறும். ஆனால் ஒரு மூட்டை அரிசி கூடினால் அதன் கணக்கே மாறிவிடும். சரவாக் கரையோரத்து எண்ணெய் நகரமான மீரியிலிருந்து கிளம்பினால் முதலில் கீழே தெரிவது வரிசை பிசகாத செம்பனைத் தோட்டங்கள். பிறகு காப்பி நிறத்தில் வளைந்து கிடக்கும் பாராம் ஆறு. அப்புறம் மரம் வெட்டும் லாரிகள் போட்ட செம்மண் கோடுகள். அவை மெலிந்து மெலிந்து மறையும் இடத்தில் மலைமுகடுகள் எழும்புகின்றன. ஏறத்தாழ 50 நிமிடத்தில் விமானம் ஒரு முகட்டைத் தாண்டிச் சரிகிறது. மேகம் வழிவிட்டால் இறங்கும், விடாவிட்டால் வந்த வழியே மீரிக்குத் திரும்பும். பாரியோக்காரர்களிடம் 'நாளைக்கு வருகிறேன்' என்று யாராவது சொன்னால் அதில் மேகத்தின் சம்மதமும் சேர்த்தி என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இறங்கிப் பார்க்கிறவருக்கு முதல் ஆச்சரியம் காடு அல்ல. இவ்வளவு காட்டைக் கடந்து வந்தவர் இருட்டும் கொடியும் அட்டையுமாக ஓர் இடத்தை எதிர்பார்த்திருப்பார். எதிரே விரிவதோ வயல். வரப்பு கட்டி, நீர் தேக்கி, நாற்று நட்ட வயல். ஓரத்தில் எருமைகள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைத் தூக்கி வந்து, சுற்றிலும் மழைக்காட்டு மலைகளை வேலியாக நட்டதுபோல ஒரு சமவெளி.

பாரியோ, போர்னியோ தீவின் மலேசியப் பகுதியான சரவாக் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் இரவில் கம்பளி தேவைப்படும். கிழக்கே சில மணி நேரம் நடந்தால் இந்தோனேசியாவின் கலிமந்தான் எல்லை. பாரியோ என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஓர் ஊரல்ல. பாரியோ அசால், உலுங் பாலாங், பா உமோர், பா லுங்கான், பா டாலி என்று பல ஊர்கள் சேர்ந்ததுதான் கெலாபிட் மேட்டுநிலம். 'பா' என்றால் ஆறு, நீர். நம் ஊர்ப் பெயர்களில் குளமும் ஏரியும் ஒட்டிக்கொண்டிருப்பதைப்போல.

இங்கே வாழ்கிறவர்கள் கெலாபிட் இனத்தவர். சரவாக்கின் மிகச் சிறிய இனங்களில் ஒன்று; எல்லோரையும் சேர்த்தாலும் சுமார் 6000 பேர். 'கெலாபிட்' என்ற பெயரே ஒரு காதுப் பிழை என்று சொல்வார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்டதற்கு, 'பா லபிட்' ஆற்றங்கரையிலிருந்து என்று வந்தவர்கள் பதில் சொன்னார்களாம். அவர் அதை இனத்தின் பெயராக எழுதிக்கொண்டார். தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' ஆக்கிய காதுகளைக் கண்ட நமக்கு இதில் வியப்பு இருக்க முடியாது.

போர்னியோவின் மற்றப் பழங்குடிகளில் பெரும்பாலோர் காட்டை வெட்டி எரித்து மலைநெல் விதைத்து, சில ஆண்டுகளில் வேறு இடம் பார்த்துப் போகிறவர்கள். கெலாபிட்டுகள் அப்படியல்ல. மலைநெல்லும் விதைத்தார்கள், ஆனால் ஓடையை மறித்து, வாய்க்கால் வெட்டி, ஒரே வயலில் தலைமுறை தலைமுறையாக நீர்நெல்லும் பயிரிட்டார்கள். அந்த வயலில் விளைவதுதான் பாரியோ அரிசி. சீரகச் சம்பாவைப்போலப் பொடி அரிசி. வெந்தால் மென்மையாக, இலேசாக ஒட்டிக்கொண்டு, வாயில் கரையும். ஆண்டுக்கு ஒரே போகம். நட்டுவிட்டு அரை வருஷம் காத்திருக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் எருமைகளை இறக்கிவிடுவார்கள். அவை களையை மிதித்துச் சேறாக்கும், உரமும் போடும். மலேசியாவில் இந்த அரிசி புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. கோலாலம்பூர் கடைகளில் இதற்குத் தனி விலை. போலியும் உண்டு.

விருந்தாளி வந்தால் சோற்றைத் தட்டில் போடுவது அவர்கள் பழைய வழக்கம் அல்ல. அரிசியைக் குழைய வேகவைத்து, மசித்து, அகலமான காட்டு இலையில் வைத்து, பொட்டலமாக மடித்துக் கொடுப்பார்கள். 'நுபா லாயா' என்று பெயர். மென்சோறு என்று பொருள் கொள்ளலாம். கையில் வாங்கும்போது இலைக்குள் சூடு இருக்கும். பிரித்தால் இலையின் நரம்புகள் சோற்றின் மேல் பதிந்திருக்கும். கிள்ளி எடுத்து, காட்டுக் கீரை வதக்கலோடோ புகையில் வாட்டிய மான் இறைச்சியோடோ சாப்பிட வேண்டும். வயலுக்குப் போகிறவருக்கும் வேட்டைக்குப் போகிறவருக்கும் இதுவே கட்டுச்சோறு. சாப்பிட்ட பின் கழுவப் பாத்திரம் இல்லை, இலையை எறிந்தால் முடிந்தது.

கெலாபிட்டுகளிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் மோனிகா ஜனோவ்ஸ்கி, இவர்கள் சமூகத்தில் மதிப்பு என்பதே சோறு போடுவதில் இருக்கிறது என்று எழுதுகிறார். பெரியவர்களை 'லுன் மெரார்' என்பார்கள். பெரிய மனிதர் என்றே பொருள். வயது மட்டும் ஆனால் பெரிய மனிதர் ஆகிவிட முடியாது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தன் வயலில் விளைந்த அரிசியால் மற்றவர்களுக்குச் சோறு போட வேண்டும். அப்போதுதான் அந்தச் சொல் பொருந்தும். காட்டிலிருந்து இறைச்சி கொண்டுவருவது ஆண்மைக்கு அழகுதான். ஆனால் அதைப் பெரிதாகப் பேசுவது அரிசி இருக்கும் வீடுகளில்தான்.

அரிசிக்கு அடுத்தது உப்பு. கடல் எங்கோ கிடக்க, இவர்களுக்கு மலையே உப்பு தருகிறது. பா உமோர் பக்கம் காட்டுக்குள் நடந்தால் கொட்டகை ஒன்று தென்படும். அதன் அருகே தரையிலிருந்து உவர்நீர் ஊறும் கிணறு. அந்த நீரை மொண்டு பெரிய இரும்புத் தொட்டிகளில் ஊற்றி, அடியில் விறகு அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் தீ அணையக் கூடாது. புகை கொட்டகையை விட்டு வெளியேற மனமில்லாமல் கூரையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்; காய்ச்சுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே நீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டிருப்பார். கடைசியில் தொட்டியின் அடியில் சாம்பல் கலந்த வெண்மையில் ஈர உப்பு திரண்டு நிற்கும். அதை அள்ளி மூங்கில் குழாயில் திணித்து, குழாயோடு நெருப்பில் வாட்டுகிறார்கள். மூங்கில் கருகி விழுந்தால் உள்ளே கல்போல இறுகிய உப்புத் தடி. அதை இலையில் சுற்றி, நார் கட்டிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

பணம் புழங்காத காலத்தில் இந்த உப்புத் தடிதான் பணம். எல்லை என்று ஒன்று வரையப்படுவதற்கு முன்பே மலை தாண்டிய ஊர்களோடு உப்பைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொண்டார்கள். அயோடின் மிகுந்த உப்பு என்று பெயர் பெற்றது. மேட்டுநில மக்களிடம் கழுத்துக்கழலை அதிகம் இல்லாததற்கு இதைத்தான் காரணம் காட்டுவார்கள். பொதுவாகக் கடலைவிட்டு விலகி மலைக்குள் வாழ்கிறவர்களைப் பிடிக்கும் நோய் அது. இன்று மீரி கடைகளில் வெள்ளை உப்பு மலிவாகக் கிடைக்கிறது. ஆனாலும் மலையுப்பு போட்ட கீரைக்குத் தனி ருசி என்று கெலாபிட்டுகள் அடித்துச் சொல்வார்கள். ஊர்ப் பெருமையில் பாதியாவது உண்மை இருக்கும்.

இவர்கள் வழக்கங்களில் தமிழ் வாசகரைச் சற்று நிறுத்தி யோசிக்க வைப்பது பெயர் சமாசாரம். நம்மிடம் தாத்தாவின் பெயர் பேரனுக்கு. 'பேரன்' என்ற சொல்லிலேயே பெயர் ஒட்டியிருக்கிறது. கெலாபிட் கணக்கு இதற்கு நேர் எதிர். பேரன் பிறந்தால் தாத்தா தன் பெயரை மாற்றிக்கொள்கிறார். பாட்டியும் மாற்றிக்கொள்கிறார். முதல் குழந்தை பிறந்த அப்பாவும் அம்மாவும் புதுப் பெயர் சூடிக்கொள்கிறார்கள். ஊரைக் கூட்டி விருந்து போட்டு, மேடையேறி, 'இன்றிலிருந்து என்னை இப்படிக் கூப்பிடுங்கள்' என்று அறிவிக்க வேண்டும். விழாவுக்குப் பெயர் 'இராவ் மெக்கா ஙாடான்'. 'ஙாடான்' என்றால் பெயர். அரிச்சுவடியில் 'ங'வுக்குச் சொல் கிடைக்காமல் திண்டாடுகிற நாம் பொறாமைப்படலாம்.

புதுப் பெயர் சும்மா வருவதில்லை. அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது, அந்த மனிதர் எதில் கெட்டிக்காரர், முன்னோர் யார் என்பதையெல்லாம் அது சுமக்க வேண்டும். பொருத்தமில்லாத பெயரைச் சூடிக்கொண்டால் சபை முணுமுணுக்கும். ஆக, ஒருவர் வாழ்நாளில் குறைந்தது மூன்று பெயர்: பிள்ளையாக ஒன்று, பெற்றோராக ஒன்று, பாட்டன் பாட்டியாக ஒன்று. ஒரு குழந்தை பிறந்ததும் அந்த வீட்டில் இத்தனை பேர் புதிதாகப் பெயர் பெறுகிறார்கள் என்றால், பிறந்தது அந்தக் குழந்தை மட்டுமா என்ற கேள்வி வருவது இயல்புதான்.

அந்தக் காலத்து விருந்துகளில் 'போராக்' என்ற அரிசிக் கள் ஆறாக ஓடும். பெரிய மனிதர் ஒருவர் இறந்தால் அவருடைய எருமைகளும் அரிசியும் கள்ளும் வந்தவர்களுக்கு விருந்தாகும்; வந்தவர்கள் பதிலுக்கு உடலுழைப்பைக் கொடுப்பார்கள். அந்த உழைப்பு மலைகளில் இன்னும் நிற்கிறது. இறந்தவர் நினைவாக நிறுத்திய நெடுங்கற்கள், மனித உருவம் செதுக்கிய பாறைகள், கல்மேசைகள். சில இடங்களில் கல்லே இல்லை. தூரத்து முகட்டில் மரங்களை மட்டும் வெட்டி, வானம் தெரியும்படி ஒரு பிளவை உண்டாக்கிவிடுவார்கள். அதற்கு 'கவாங்' என்று பெயர். நடுகல்லைக் கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். இந்த நினைவுச் சின்னம் வயலில் நாற்று நடுகிறவர் நிமிர்ந்தாலே கண்ணில் படும்.

இன்னொரு வகை இன்னும் விசித்திரம். 'பெருபுன்' என்று பெயர். ஆற்றுக் கற்களை மலைபோலக் குவித்த மேடு. வாரிசு இல்லாத பணக்காரர் தன் ஜாடிகளையும் மணிகளையும் தரையில் வைத்து, அவற்றின் மேல் ஊரார் கையால் கல்லைக் கொட்டச் செய்தார் என்பது கதை. செத்தபின் சொத்துக்குச் சண்டை வரக் கூடாதாம். நம் ஊர் உரிமையியல் நீதிமன்ற வராண்டாக்களில் காத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு இந்த ஏற்பாடு பிடிக்குமா என்பது தெரியாது.

பழைய படங்களில் கெலாபிட் மூதாட்டிகளின் காது மடல் தோள்வரை நீண்டு, கனத்த பித்தளை வளையங்களோடு தொங்கும். பாம்படம் போட்ட பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த தென்பாண்டிச் சீமைக்காரர்கள் அந்தப் படங்களில் தங்கள் வீட்டு முகத்தைத் தேடக்கூடும். எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு ஊர்களில் அழகைப் பற்றி ஒரே எண்ணம். தலையில் பழைய மணிகளைக் கோத்த தொப்பி. சில மணிகள் ஓர் எருமை விலை பெறும். காது வளர்க்கும் வழக்கம் நின்றுவிட்டது. மணித் தொப்பி விழாக்களில் இன்னும் தலையேறுகிறது.

வெளியுலகம் பாரியோவுக்கு வானத்திலிருந்து வந்தது. உவமையாகச் சொல்வதல்ல, 1945 மார்ச் 25-ஆம் தேதி நிஜமாகவே விழுந்தது. போர்னியோ ஜப்பானியர் பிடியில் இருந்த காலம். பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட இரண்டு லிபரேட்டர் விமானங்கள், மேகத்துக்கு மேலே தலைநீட்டி நின்ற பத்து லாவி என்ற இரட்டைச் சிகரத்தை அடையாளமாக வைத்து வந்து, பாரியோ சமவெளியில் எட்டுப் பேரைப் பாராசூட்டில் இறக்கின. ஆஸ்திரேலியாவின் இசட் சிறப்புப் படையைச் சேர்ந்த அவர்களுக்குத் தலைவர் டாம் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர். நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'செமுட்', மலாயில் எறும்பு. வெள்ளைத் துணியில் தொங்கிக்கொண்டு இறங்கியவர்களை ஊரார், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் தங்கள் நீண்ட வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரித்தார்கள். பிறகு ஊதுகுழல் அம்புகளும் ஆஸ்திரேலியத் துப்பாக்கிகளுமாக ஒரு காட்டுப்படை திரண்டது. ஹாரிசனை இறக்கிவிட்டுப் போன விமானங்களில் ஒன்று திரும்பிச் சேரவில்லை. அந்த விமானிகளின் நினைவாக அவர் பின்னாளில் பத்து லாவியில் ஒரு பலகை வைத்தார்.

அந்தப் போரில் எல்லைக்கு அப்பால் பெலாவிட்டில் நடந்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். சுட்டு வீழ்த்தப்பட்டுக் காட்டில் ஒளிந்திருந்த அமெரிக்க விமானிகளை வெளியே கொண்டுபோக ஓடுபாதை வேண்டும். சமமான இடமெல்லாம் சேற்று வயல். ஊர்மக்கள் மூங்கிலைப் பிளந்து பிளந்து வயலின் மேல் பாயாக விரித்தார்கள். அந்த மூங்கில் பாயில் சிறு விமானங்கள் இறங்கி ஏறின. மூங்கில் எவ்வளவு வளையும், எங்கே முறியும் என்பது அந்த மக்களின் கைக்குத் தெரிந்திருந்தது.

ஹாரிசன் முரட்டு ஆள், தற்பெருமைக்காரர், சர்ச்சைகள் நிறைந்தவர். ஆனால் போர் முடிந்தும் இந்த மேட்டுநிலத்தை அவர் விடவில்லை. 1946-ல் மேட்டுநிலத்தின் முதல் பள்ளிக்கூடம் பா மைன் என்ற ஊரில் தொடங்கியதில் அவருக்குப் பங்குண்டு. பின்னர் சரவாக் அருங்காட்சியகத்தின் காப்பாளராகி, நியா குகைகளில் அகழாய்வு நடத்தினார். போருக்குப் பிறகு ஆஸ்திரேலிய மிஷனரிகளின் வேலை இங்கே வேரூன்றியது. கெலாபிட்டுகள் ஏறத்தாழ முழுமையாகக் கிறிஸ்தவர்களானார்கள். கள் நின்றது. இன்றைய பெயர் சூட்டும் விருந்தில் காப்பியும் தேநீரும்தான்.

1963-ல் மலேசியா உருவானதை இந்தோனேசிய அதிபர் சுகார்னோ ஏற்கவில்லை. எல்லையில் மூண்ட மோதலை 'கொன்ஃப்ரொந்தாசி' என்பார்கள். எல்லையோரக் கெலாபிட் ஊர்களைக் காலி செய்து மக்களைப் பாரியோவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை ஊர்கள் நெருக்கிக்கொண்டு இருப்பதற்கு அதுதான் காரணம். பாரியோ அசாலில் உள்ள 'அசால்' என்ற சொல்லுக்குப் 'பூர்விகம்' என்று அர்த்தம். பின்னால் வந்தவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்ட முதலில் இருந்தவர்கள் வைத்துக்கொண்டது. நேற்று வந்தவர், முந்தாநாள் வந்தவர் என்ற கணக்கு எந்த ஊரில் இல்லை?

பள்ளிக்கூடம் வந்த வேகத்தில் பிள்ளைகள் வெளியேறினார்கள். கெலாபிட்டுகள் படிப்பைப் பற்றிக்கொண்ட விதம் சரவாக்கில் பேச்சாக இருக்கிறது. 6000 பேர் உள்ள இனத்திலிருந்து மருத்துவர்கள், பொறியாளர்கள், உயர் அதிகாரிகள். மிகப் பிரபலமானவர் இத்ரிஸ் ஜாலா. பாரியோவில் பிறந்த இவர் 2005-ல் மலேசியா ஏர்லைன்ஸின் தலைமை நிர்வாகி ஆனார். நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நிறுவனத்தை லாபத்துக்குத் திருப்பினார். பிறகு மத்திய அமைச்சரும் ஆனார். ஆளை நிறுத்தி எடை பார்த்து விமானத்தில் ஏற்றும் ஊரில் பிறந்தவர் நாட்டின் விமான நிறுவனத்துக்கே தலைவரானார். அவர் காலத்தில், 2007-ல், போர்னியோவின் உள்நாட்டு ஊர்களுக்கென்றே மாஸ்விங்ஸ் என்ற துணை நிறுவனம் பிறந்தது. அரசாங்கத்தின் மானியத்தில்தான் அந்தச் சேவை ஓடியது. கட்டணத்தை மட்டும் நம்பி இந்த வழியில் விமானம் விட முடியாது.

இதன் மறுபக்கம் வயலில் தெரிகிறது. கெலாபிட்டுகளில் பெரும்பகுதி இன்று மீரியிலும் கூச்சிங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். மேட்டுநிலத்தில் மிச்சம் இருப்பவர்களில் முதியவர்கள் அதிகம். நாற்று நட ஆள் வேண்டும். எல்லை தாண்டிக் கெராயான் பகுதியிலிருந்து, ஏறத்தாழ அதே மொழி பேசுகிற உறவினங்களைச் சேர்ந்த இந்தோனேசியர்கள் வந்து நடவும் அறுவடையும் செய்து தருகிறார்கள். அவர்கள் ஊரிலும் இதே ரக நெல் விளைகிறது. அது மலை தாண்டி வந்து பாரியோ அரிசி என்ற பெயரில் விற்கப்படுவதாக அங்கே குறை உண்டு. உப்பைக் கொடுத்துப் பண்டம் மாற்றிக்கொண்ட இரு கரை மக்களுக்கும் நடுவே இப்போது புவிசார் குறியீடு நிற்கிறது. அரிசிக்கு எல்லை தெரியாது, முத்திரைக்குத் தெரியும்.

1998-ல் சரவாக் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விபரீத யோசனையோடு இங்கே வந்தார்கள். மின்கம்பியும் தொலைபேசியும் சாலையும் இல்லாத ஊருக்கு இணையம் கொண்டுவருவது. 'இ-பாரியோ' என்று பெயர். கணினிகளும் சூரியத் தகடுகளும் செயற்கைக்கோள் தட்டும் விமானத்தில் வந்து இறங்கின. அதற்காகத் திறந்த மையத்துக்குக் 'காத்துமான்' என்று பெயரிட்டார்கள். கெலாபிட் மொழியில் இணைப்பு. பேரப் பிள்ளைகள் ஊரிலேயே இருந்திருந்தால் பாட்டிமார்கள் மவுஸைத் தொட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் நகரத்தில் இருந்ததால் மின்னஞ்சலுக்கு உடனே வேலை வந்தது. 2001-ல் உலகின் அறிவார்ந்த சமூகங்கள் ஏழில் ஒன்றாக ஒரு சர்வதேச அமைப்பு பாரியோவைத் தேர்ந்தெடுத்தது. 2011-ல் ரேடியோ பாரியோ ஒலிக்கத் தொடங்கியது. மலேசியாவின் முதல் சமூக வானொலி என்று அது அறியப்படுகிறது.

சரி, காடு? மழைக்காட்டு ஊர் என்று தொடங்கிவிட்டு வயலிலும் விமானத்திலுமே சுற்றியாகிவிட்டது. ஆனால் பாரியோவில் நிற்கிறவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் காடுதான் முடிவு. சமவெளியின் ஓரங்களில் வெளுத்த மணலும் புளித்த மண்ணும் உள்ள குட்டைக் காடு. சரவாக்கின் இன்னொரு பழங்குடியான இபான்களின் மொழியில் இதைக் 'கெராங்காஸ்' என்பார்கள். நெல் விளையாத நிலம் என்று பொருள். சத்து இல்லாத அந்த மண்ணில் தாவரங்கள் வேறு வழி தேடுகின்றன. குடுவை இலையைத் தொங்கவிட்டு எறும்பையும் பூச்சியையும் விழவைத்துச் செரிக்கும் நெப்பந்தஸ் கொடிகளைப் பாதையோரத்திலேயே பார்க்கலாம். மேலே போகப்போகப் பாசி போர்த்திய மலைக்காடு. சரவாக்கின் மிக உயர்ந்த மலையான முருட் (2424 மீட்டர்), 2046 மீட்டர் பத்து லாவி இரண்டும் இங்கேதான். இவற்றைச் சுற்றிய காட்டை 2005-ல் புலோங் தாவ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 'புலோங் தாவ்' என்றால் நம் காடு. பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட. 2007-ல் மலேசியா, இந்தோனேசியா, புருனை மூன்றும் சேர்ந்து கையெழுத்திட்ட 'போர்னியோவின் இதயம்' ஒப்பந்தப் பரப்பிலும் இந்த மேட்டுநிலம் அடங்கும்.

பூங்கா எல்லைக்கு வெளியே கதை வேறு. சரவாக் காடுகளில் 1970-களுக்குப் பிறகு நடந்த மரவெட்டு உலகறிந்தது. அதில் மிக அதிகம் இழந்தவர்கள் பெனான்கள். வயலே இல்லாமல், காட்டுச் சவ்வரிசிப் பனையையும் வேட்டையையும் நம்பி நாடோடியாக வாழ்ந்தவர்கள். 1980-களின் கடைசியில் மரலாரிகள் போகும் பாதையின் குறுக்கே அவர்கள் தடுப்பு கட்டி நின்ற படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. 1984 முதல் 1990 வரை அவர்களோடு வாழ்ந்த சுவிட்சர்லாந்துக்காரர் புருனோ மான்சர் அந்தப் போராட்டத்தை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனார். மலேசியா அவரை நாட்டுக்குள் வரவிடாமல் தடுத்தது. 2000 மே மாதம் அவர் கலிமந்தான் வழியாக எல்லை தாண்டி இந்த மேட்டுநிலத்துக்குள் வந்தார். பாரியோ வட்டாரத்திலிருந்து கடிதம் எழுதினார். பத்து லாவி திசையில் தனியே நடந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. தேடிப் போனவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. 2005-ல் பாசல் நகர நீதிமன்றம் அவரைக் காணாமற்போனவராக அறிவித்தது.

மரம் வெட்டப் போட்ட பாதைதான் கடைசியில் பாரியோவுக்குச் சாலையாகவும் வந்து சேர்ந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், மழை இல்லாவிட்டாலும் மீரியிலிருந்து 12 மணி நேரத்துக்குக் குறையாது. மழை பெய்தால் வண்டி எந்தச் சேற்றில் இரவைக் கழிக்கும் என்று சொல்ல முடியாது. அந்தச் சாலையைக் குறைசொல்ல வெளியூர் இயற்கை ஆர்வலர்களுக்கு எளிது. சமையல் எரிவாயு உருளையும் சிமென்ட் மூட்டையும் விமானத்தில் வந்த காலத்தில் அவற்றுக்குக் கொடுத்த விலையை ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. உள்ளே அடுப்பெரிக்க வாயு கொண்டுவந்த அதே பாதை வெளியே மரத்தைக் கொண்டுபோகிறது. இதில் ஒன்றை மட்டும் வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு வாய்ப்பு கிடைத்ததில்லை.

ஜூலை வாக்கில் பாரியோவில் 'பெஸ்தா நுகெனென்' என்ற உணவுத் திருவிழா நடக்கும். நுகெனென் என்றால் தின்பண்டம், சாப்பாடு. நகரத்துக் கெலாபிட்டுகள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். காட்டுக் கீரை, பெரணிக் கொழுந்து, ஆற்று மீன், பாரியோவின் இனிப்பான அன்னாசி எல்லாம் பரப்பிக் கிடக்கும். நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இலைச்சோற்றை எப்படி மடிப்பது என்று யாராவது ஒரு பாட்டி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். இலையின் பளபளப்பான பக்கம் எது, எந்த மூலையை முதலில் மடிக்க வேண்டும், காம்பை எங்கே செருக வேண்டும் என்று. முதல் பொட்டலம் பிரிந்து சோறு கொட்டும். இரண்டாவதும் அப்படித்தான்.

திரும்பும் நாளில் சின்ன விமான நிலையத்தில் மறுபடியும் தராசு. இப்போது எடை ஏறுவது பையில்தான். அரிசி, இலை சுற்றிய உப்புத் தடி, நாலு அன்னாசி. முள் வரம்பைத் தாண்டும். வழியனுப்ப வந்தவர்கள் பையைத் திறந்து எதை எடுக்கலாம் என்று கூடிப் பேசுவார்கள். அன்னாசி ஒவ்வொன்றாக வெளியே வரும். அரிசியில் கை வைக்க யாருக்கும் மனம் வராது. உப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், அதோடும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள் என்று தெரிந்தும்.